முகப்படத்தை வைத்து அரிய மரபணு நோயைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

குழந்தைகள் ஓ.பி.யிலோ மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்திலோ வேலை பார்க்கும் இளம் மருத்துவர்களையும் மரபணு ஆலோசகர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து செய்து பார்க்கும் வேலை இது கிடையாது.

பெரும்பாலோர் பயன்படுத்துவது ஃபேஸ்2ஜீன் என்ற செயலி. குழந்தையின் நேர்முகப் படத்தைக் கொடுத்தால் முகச்சாயல் ஒத்துப்போகும் சிண்ட்ரோம்களை (ஒரே காரணத்தால் சேர்ந்து வரும் அறிகுறிக் கூட்டங்களை) 30 பெயர் வரை வரிசைப்படுத்தித் தரும். இதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். புதியவர்கள் தடுமாறுவது பட்டனை அழுத்துவதில் இல்லை, எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதில்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. யாருக்குச் செய்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வளர்ச்சி தாமதம், பிறவி இதயக்கோளாறு, அண்ணப் பிளவு, காரணம் தெரியாத குட்டை வளர்த்தி, வலிப்பு என ஏதாவது ஒரு மருத்துவக் காரணம் இருக்க வேண்டும். அதோடு முகச்சாயலும் சேர்ந்து சந்தேகத்தைக் கிளப்பினால் செய்யலாம். முகம் மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது, மற்றபடி குழந்தை ஓடியாடி விளையாடுகிறது என்றால் வேண்டாம்.

ஏன் இந்தக் கெடுபிடி? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 5 சதவீதத்தைத் தவறாகச் சந்தேகிக்கும் ஒரு கருவி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பள்ளிக் குழந்தைகளுக்கு அதைப் போட்டால் நோயுள்ள 10 பேரில் 9 பேர் கிடைப்பார்கள். கூடவே நோயில்லாத சுமார் 5,000 குழந்தைகளின் வீட்டில் தூக்கம் போகும். முகாமில் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்கும் யோசனையை யாராவது கொண்டுவந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் பார்த்தவுடனே தெரிகிறதா? செயலியே வேண்டாம், நேராகக் கேரியோடைப்புக்கு (குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பார்க்கும் டெஸ்ட்) அனுப்பிவிடுங்கள்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

செயலிக் கணக்கு மருத்துவத் துறையினருக்கு மட்டும்தான். உங்கள் தகுதியைச் சரிபார்த்த பிறகே திறக்கும், அதனால் குழந்தை வந்து உட்கார்ந்த பிறகு பதிவு செய்யத் தொடங்காதீர்கள். மற்றபடி ஓர் அளவு டேப், தலைச்சுற்றளவு வளர்ச்சி அட்டவணை, குடும்ப மரம் வரையத் தாள், ஒப்புதல் படிவம் இவ்வளவுதான் தேவை.

ஒப்புதலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முகத்தை மறைத்தால் செயலி வேலை செய்யாது, மறைக்காவிட்டால் அது யார் என்று தெரிந்துவிடும். ஆக, பெயரை நீக்கிவிட்டேன் என்பதெல்லாம் முகப்படத்துக்குப் பாதுகாப்பு ஆகாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. மூன்று விஷயத்தைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்: படத்தைச் செயலியில் ஏற்றுவதற்கு, வேறு மருத்துவரிடம் காட்டுவதற்கு, கற்பிக்கவோ ஆய்வுக்கோ பயன்படுத்துவதற்கு. முதலாவதுக்குச் சரி சொல்லிவிட்டு மூன்றாவதுக்கு வேண்டாம் என்பவர்கள் நிறைய பேர். அது அவர்கள் உரிமை.

எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு ஒரு மாதிரி: "அம்மா, பாப்பாவோட வளர்ச்சி ஏன் மெதுவா இருக்குன்னு பார்க்கிறோம். முகத்தைப் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டா, எந்த டெஸ்ட் எடுக்கலாம்னு ஒரு யோசனை கிடைக்கும். அதுவே முடிவு இல்லம்மா. படம் வெளியூர் சர்வருக்குப் போகும். வேண்டாம்னா சொல்லுங்க, வைத்தியம் எதுவும் நிக்காது." 'முகம் வித்தியாசமா இருக்கு' என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வரக் கூடாது. பக்கத்தில் நிற்கும் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டு மருமகளை எத்தனை வருடம் குத்துவார் என்று உங்களுக்குத் தெரியாது.

3. போனை எடுக்கும் முன் குழந்தையைப் பாருங்கள்

உயரம், எடை, தலைச்சுற்றளவை அளந்து அட்டவணையில் குறியுங்கள். பிறகு மேலிருந்து கீழாக முகத்தைப் பாருங்கள்: நெற்றி, புருவம், கண்களின் இடைவெளி, கண்ணின் வெளிமுனை மேல்நோக்கியா கீழ்நோக்கியா, இமைத்தொய்வு, மூக்குத்தண்டு, மேலுதட்டுக் குழிவு, வாய், தாடை, காதுமடலின் இடம். அப்புறம் கை, கால், தோல், அண்ணம். கண்கள் அகன்றிருப்பதாகத் தோன்றினால் உள்முனைகளுக்கு இடையே அளவு எடுங்கள். மூக்குத்தண்டு தட்டையாக இருந்தால் கண்கள் தள்ளியிருப்பது போலவே தெரியும், அளந்தால் அளவு சரியாக இருக்கும்.

அம்மா, அப்பா இருவர் முகத்தையும் கட்டாயம் பாருங்கள். குழந்தையிடம் வினோதமாகத் தெரிந்த காது அப்பாவிடம் அப்படியே இருக்கலாம். பாதி நேரம் சந்தேகம் அங்கேயே கரைந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: நூனன் சிண்ட்ரோம் லேசாக இருக்கும் அப்பா அது தெரியாமலே வாழ்ந்திருப்பார். குட்டையான உருவம், சற்றே தொங்கும் இமை, சின்ன வயதில் 'இதயத்தில் சத்தம்' என்று யாரோ சொன்ன ஞாபகம், இப்படித்தான் அது வெளிவரும்.

குடும்ப மரத்தில் சொந்தத் திருமணமா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. அத்தை மகன், மாமன் மகள் என்றால் குழந்தைக்கு இரு பக்கமும் ஒரே பிரதி வந்திருக்கும் வாய்ப்பு ஒரு மரபணுவுக்கு 16இல் 1. தாய்மாமன் என்றால் 8இல் 1. 'தூரத்துச் சொந்தம்' என்பவர்களிடம் தாத்தா பாட்டி பெயரைக் கேட்டால் அது அவ்வளவு தூரம் இல்லை என்று தெரியவரும்.

இதற்கும் செயலிக்கும் என்ன தொடர்பு? இரு பிரதியும் பழுதானால் வரும் ஒடுங்கு நோய்கள் பலவற்றுக்குத் தனித்த முகச்சாயலே கிடையாது. சொந்தத் திருமணமாக இருந்து, செயலி உருப்படியாக எதுவும் சொல்லவில்லை என்றால் மரபணு நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

இந்தப் படியின் கடைசியில் உங்களுக்குத் தோன்றும் இரண்டு மூன்று பெயர்களை, எதுவும் தோன்றவில்லை என்றால் 'எதுவும் தோன்றவில்லை' என்பதை, தாளில் எழுதித் தேதி போடுங்கள். 30 பெயரைப் பார்த்த பிறகு 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று எல்லோருக்கும் தோன்றும்.

4. படம் எடுப்பது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. செயலி முகத்தில் புள்ளிகளைக் குறித்து, வெட்டி, அதன் வடிவத்தையும் அமைப்பையும் கற்ற படங்களோடு ஒப்பிடுகிறது. படத்தில் வடிவம் மாறிப்போனால் அதற்கும் ஒரு சிண்ட்ரோம் பெயர் சொல்லும்.

தூரம்: போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒதுங்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். லென்ஸ் குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் நெற்றி அகன்று தாடை சிறுத்துப்போகும்.

வெளிச்சம்: ஜன்னலைப் பார்த்தபடி குழந்தை உட்காரட்டும். ஃபிளாஷ் வேண்டாம். எண்ணெய் வைத்த நெற்றி பளபளத்தால் மெல்லத் துடைத்துவிடுங்கள்.

போனின் அழகூட்டும் வசதியும் போர்ட்ரெய்ட் மோடும் அணைந்திருக்க வேண்டும். சில போன்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். தாடையை ஒடுக்கி, கண்ணைப் பெரிதாக்கிவிட்டால் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அடுத்து மை. நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் கண்ணில் மை, புருவத்தில் வில் போல வளைத்து இன்னொரு கோடு, நெற்றியில் வட்டப் பொட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு என எல்லாம் இருக்கும். கபுகி சிண்ட்ரோமில் வளைந்த புருவம் ஓர் அடையாளம், கொர்னேலியா டி லாங்கேயில் இரு புருவமும் நடுவில் சேர்ந்திருப்பது ஓர் அடையாளம். மையால் வரைந்த புருவத்தைச் செயலி நிஜப் புருவமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கேட்டுவிட்டுத் துடையுங்கள். சும்மா துடைத்தால் பாட்டிக்குக் கோபம் வரும், அதிலும் நியாயம் உண்டு. "போட்டோ எடுத்ததும் திரும்ப வெச்சிடலாம் பாட்டி" என்றால் அவரே முந்தானையால் துடைத்துவிடுவார்.

முகபாவம்: வாய் மூடி, கண் திறந்து, இயல்பாக. சிரித்தால் மேலுதட்டுக் குழிவு மறையும், அழுதால் எல்லாமே கெடும். கண்ணாடி, தொப்பி, நெற்றியில் விழும் முடி வேண்டாம். குழந்தையை அம்மாவின் மடியில் உட்கார வைத்து, ஒருவர் உங்கள் தலைக்கு நேர் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டட்டும். பக்கவாட்டில் நின்றால் குழந்தை அங்கே திரும்பிவிடும். இரண்டு காதும் ஒரே அளவு தெரிந்தால் முகம் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாடையைப் பிடித்து நிமிர்த்தும் அம்மாவின் விரல்கள் கன்னத்தை அமுக்கிவிடும், அதையும் கவனியுங்கள்.

பச்சிளம் குழந்தையைப் படுக்க வைத்து மேலிருந்து எடுக்காமல் நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். மூக்கில் குழாய், ஆக்சிஜன் மாஸ்க், கன்னத்தில் பிளாஸ்திரி இருந்தால் காத்திருங்கள். குழாயோடு எடுத்த படத்துக்கும் பட்டியல் வரும், நம்ப முடியாது.

நேர்முகத்தில் நல்லதாக மூன்று படம் வேண்டும். பக்கவாட்டு முகம், காது, உள்ளங்கை, பாதம் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். செயலிக்கு அவை தேவைப்படாது, பின்னால் நிபுணர் கேட்பார்.

5. பழைய படங்களை வாங்குங்கள்

சில சிண்ட்ரோம்களின் முகம் ஒரு வயதில் தெளிவாகி, வேறு வயதில் மங்கும். நூனனில் பெரியவர்களின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாமல் போகலாம், குழந்தைப் பருவப் படம் காட்டிக்கொடுக்கும். ஹர்லர் நோயில் நேர்மாறு: பிறந்தபோது முகம் சாதாரணமாக இருக்கும், மாதங்கள் போகப்போகத் தடித்துக்கொண்டே வரும். அந்த மாற்றமே பெரிய தடயம்.

ஆல்பம் கொண்டு வாருங்கள் என்று பொதுவாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். காதுகுத்து, முதல் பிறந்தநாள், பள்ளி அடையாள அட்டை எனக் குறிப்பாகக் கேளுங்கள். ஆல்பப் படத்தைப் போனில் எடுக்கும்போது பளபளப்பும் சாய்வும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காதுகுத்துப் படம் மொட்டைத் தலையோடு இருப்பது ஒருவகையில் வசதி, நெற்றியும் காதும் நன்றாகத் தெரியும்.

6. பட்டியலைத் திறக்கும் முன் அம்சங்களைப் பதியுங்கள்

குழந்தையிடம் கண்ட அம்சங்களைச் செயலி எச்.பி.ஓ. என்ற பொதுச் சொற்பட்டியலிலிருந்து கேட்கும். படி 3இல் எழுதியதை இப்போதே ஏற்றிவிடுங்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு ஏற்றினால், முதலில் நிற்கும் பெயருக்குப் பொருந்துவதை மட்டுமே தேடித்தேடி ஏற்றுவீர்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாக அப்படிப் போகும்.

உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதியுங்கள். இருபது லேசான அம்சங்களைவிட அழுத்தமான ஐந்து மேல். 'வளர்ச்சி தாமதம்' என்று பொதுவாகப் போடுவதைவிட, மகாதமனி வால்வுக்கு மேலே சுருக்கம் என்ற எக்கோ (இதய ஸ்கேன்) முடிவு பல மடங்கு உதவும். இல்லாத அம்சத்தை 'இல்லை' என்று குறிப்பதும் தகவல்தான்.

7. பட்டியலைப் படிப்பது

முதலில் முகத்தை மட்டும் வைத்து வந்த வரிசையைப் பாருங்கள், அப்புறம் அம்சங்களை வைத்து வந்ததை, கடைசியாக இரண்டும் சேர்ந்ததை. மூன்றிலும் நிற்கும் பெயருக்கு மதிப்பு அதிகம்.

மூன்று படத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். ஒரு படத்தில் மட்டும் முதலிடம் பிடித்து மற்ற இரண்டில் காணாமல் போகும் பெயர் பெரும்பாலும் கோணத்தின் வேலை.

மதிப்பெண் என்பது சாயல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் அளவு. இந்தக் குழந்தைக்கு அந்த நோய் இருப்பதற்கான வாய்ப்பு என்று அதைப் படிக்கக் கூடாது. ஆரோக்கியமான குழந்தையின் படத்தைப் போட்டாலும் பட்டியல் வரத்தான் செய்யும்.

இந்தச் செயலியின் உள்ளே இருந்து முகங்களை ஒப்பிடும் டீப்கெஸ்டால்ட் என்ற நிரல் பற்றி 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த கட்டுரையின் 91 சதவீதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் பொருள், 502 படங்களில் சரியான பெயர் முதல் பத்துக்குள் இருந்தது 91 சதவீதம் என்பது. முதல் பெயரே சரி என்பதற்கான கணக்கு அது இல்லை. அந்தக் குழந்தைகள் எல்லோருக்கும் ஏதோ ஒரு சிண்ட்ரோம் இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

யாருடைய முகங்களைப் பார்த்துக் கற்றது என்பதும் முக்கியம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பெல்ஜியக் குழந்தைகளில் 80 சதவீதத்தை அடையாளம் கண்ட இதே செயலி, காங்கோ குழந்தைகளில் சுமார் 37 சதவீதத்தையே கண்டது. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் படங்களைக் கொடுத்துப் பயிற்றுவித்த பிறகு அது 90ஐத் தாண்டியது. தென்னிந்தியக் குழந்தைக்குப் பட்டியல் சொதப்பினால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பெயர்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டமாகப் பாருங்கள். நூனன், காஸ்டெல்லோ, கார்டியோ-ஃபேசியோ-கியூட்டேனியஸ் மூன்றும் மேலே வந்தால் குழம்ப வேண்டாம். மூன்றும் ஒரே செல் சமிக்ஞைப் பாதையின் கோளாறுகள், ஒரே டெஸ்ட் மூன்றையும் பார்த்துவிடும். பிறகு முதல் ஐந்து பெயர் ஒவ்வொன்றுக்கும் எதிரான சான்று என்ன என்று கேளுங்கள். புதியவர்கள் ஆதரவான சான்றை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

8. டெஸ்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாதவை

சந்தேகம் வலுவாக இருந்தால் சில வேலைகளை உடனே செய்ய வேண்டும். இதைத் தனிப் படியாக வைப்பதற்குக் காரணம், மரபணு முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதுதான்.

வில்லியம்ஸ் சிண்ட்ரோம் சந்தேகம் என்றால் மயக்க மருந்து கொடுக்கும் முன் எக்கோ. எம்.ஆர்.ஐ.க்காகத் தூங்க வைப்பதும் இதில் அடங்கும், அந்தக் குழந்தைகளுக்கு மயக்கத்தில் இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. கால்சியம் கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

22க்யூ11 நீக்கம் (22ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லாமல் போவது) சந்தேகம் என்றால் எக்கோவும் கால்சியமும். இங்கே கால்சியம் குறையும், வலிப்பு வரலாம்.

நூனன் என்றால் எந்த அறுவைக்கும் முன் ரத்தம் உறையும் தன்மையைச் சோதியுங்கள்.

ஹர்லர் என்றால் அவசரமாக மேல்மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று இரண்டு, இரண்டரை வயதுக்குள் நடந்தால்தான் மூளை வளர்ச்சிக்குப் பலன் அதிகம்.

9. சரியான டெஸ்டைத் தேர்ந்தெடுப்பது

பட்டியல் பெயர் சொல்லும், எந்த டெஸ்ட் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 'எதற்கும் எக்ஸோம் போட்டுவிடலாம்' என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எக்ஸோம் என்பது மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் டெஸ்ட். அதில் குடும்பத்தின் பணம் வீணாகும் இடங்கள் உண்டு.

வில்லியம்ஸ், 22க்யூ11 போல ஒரு துண்டு குரோமோசோம் காணாமல் போவதற்கு மைக்ரோஅரே (குரோமோசோம் துண்டுகள் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்). நூனன், கபுகி, கொர்னேலியா டி லாங்கே போல ஒரு மரபணுவின் எழுத்துப் பிழைக்கு எக்ஸோம் அல்லது பேனல் (தேர்ந்தெடுத்த சில மரபணுக்களை மட்டும் படிப்பது). பிராடர்-வில்லி, ஏஞ்சல்மன் என்றால் மெத்திலேஷன் டெஸ்ட் (டி.என்.ஏ. மேல் உள்ள வேதிக் குறிகளைப் பார்ப்பது) முதலில். ஃப்ராஜைல் எக்ஸுக்குத் தனி டெஸ்ட். வழக்கமான எக்ஸோம் அதைப் பிடிக்காது, 'நார்மல்' என்று வந்துவிடும். ஹர்லர் வகைக்கு நொதி அளவு. டவுனுக்குக் கேரியோடைப், ஏனென்றால் குரோமோசோம் இடம் மாறி ஒட்டிய வகையா என்று தெரிந்தால்தான் அடுத்த குழந்தைக்கான வாய்ப்பைச் சொல்ல முடியும்.

பாலிஸ்டர்-கிலியன் சந்தேகம் இருந்தால் ரத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ரத்தத்தில் சரியாக இருந்து தோலிலோ கன்னத்தின் உட்புறச் செல்லிலோ தெரியும் கோளாறு அது.

ரத்தம் எடுக்கும் குழாய் விஷயத்தில் தொடர்ந்து நடக்கும் தவறு: கேரியோடைப்புக்கு உயிருள்ள செல் வேண்டும், அதனால் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய். டி.என்.ஏ. டெஸ்டுகளுக்கு ஈ.டி.டி.ஏ. போட்ட ஊதா மூடி. மாற்றி அனுப்பினால் குழந்தையை மறுபடி குத்த வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் லேபுக்கு முன்பே சொல்லுங்கள்.

எக்ஸோம் கேட்கும்போது உங்கள் அம்சப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். ஆயிரக்கணக்கான மாறுபாடுகளில் எதை முதலில் பார்ப்பது என்று லேபுக்கு அது வழிகாட்டும். 'டி.டி. ஃபார் எவால்யுவேஷன்' (வளர்ச்சி தாமதம், பரிசோதிக்கவும்) என்று மட்டும் எழுதிய கோரிக்கைத் தாளுக்கு அதற்கேற்ற பதில்தான் வரும்.

10. பெற்றோரிடம் பேசுவது

திரையைப் பெற்றோர் பக்கம் திருப்பாதீர்கள். 30 பெயரையும் மனதில் வாங்கிக்கொண்டு, அன்றிரவே ஒவ்வொன்றாகத் தேடி, அதில் மிகக் கொடூரமானதைத் தங்கள் குழந்தைக்கு முடிவு செய்துவிடுவார்கள். வலுவான சந்தேகம் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதை மட்டும், டெஸ்ட் எதற்கு, என்ன செலவு, எப்போது முடிவு வரும் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். இது யார் வழியாக வந்தது என்ற கேள்வி வந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் பழியும் அவருக்கு மட்டும்தான்.

டெஸ்ட் உறுதி செய்தால் சிகிச்சைக்கான நிதி பற்றியும் பேசுங்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையின் கீழ், அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாகப் பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழியுண்டு. விண்ணப்பம் அந்த மையம் மூலமாகத்தான் போக வேண்டும்.

11. ஒன்றும் கிடைக்காவிட்டால்

குழந்தையின் முகமும் மாறும், செயலி கற்ற படங்களும் கூடும். அதனால் ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் புதிய படத்தோடு மறுபடி பாருங்கள், எக்ஸோம் தரவையும் மறு ஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள். மிக மிக அரிதான நோய்களுக்கு ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கெஸ்டால்ட்மேட்சர் முறை உதவலாம். கற்றுக்கொடுக்காத நோயாக இருந்தாலும், முகம் ஒத்துப்போகும் இன்னொரு நோயாளியை அது தேடித்தரும்.

கோப்பில் படம் எடுத்த தேதி, அப்போதைய வயது, எந்தப் பதிப்பில் போட்டோம், பட்டியலில் என்ன வந்தது என எழுதி வைத்துவிட்டு, உங்கள் சொந்தப் போனில் இருக்கும் படங்களை அன்றைக்கே அழித்துவிடுங்கள். கேலரியில் மட்டும் அழித்தால் போதாது, நீக்கியவை போகும் குப்பைத் தொட்டியிலும் தானாகச் சேமிக்கும் கிளவுடிலும் ஒருமுறை பாருங்கள்.